ஓரெஸ்தே சொன்ன ஒரே பெயர்

11 மார்ச் 1942, புதன்

ஒரு மனிதன் மாறிவிட்டான் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அவன் சொல்வதை வைத்தா, இப்போது அவனோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்தா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல நடிக்கவும் இன்று தெம்பில்லை.

முசோலினியிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர்கள் நாங்கள் நடத்தும் குழுவின் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. எங்கள் செயலாளர் வக்கீல் பெலோட்டி, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், "நல்ல சேதி" என்றார். கொம்மெந்தாத்தோரே ரொமுவால்தோ ஃபெரான்தெ எங்களோடு சேர விரும்புகிறாராம். ஆலிவ் எண்ணெயும் தக்காளி டின்னும் விற்றுப் பெரிய ஆளானவர். பெயருக்கு முன்னால் தொங்கும் பட்டம் ரோம் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. 1935இல் முசோலினியின் அபிசீனியப் போருக்காக இந்த ஊர் இத்தாலியப் பெண்களின் கல்யாண மோதிரங்களை மேடை போட்டு வாங்கிக் கப்பலேற்றியவர். தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தவளுக்குப் பதிலுக்கு ஓர் எஃகு மோதிரம், பாதிரியாரின் ஆசீர்வாதத்தோடு. அன்று மேடையில் ஃபாசிஸ்டுகளின் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். போன டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கிய வாரம் சட்டை மாறிவிட்டது.

"மனுஷன் மாறக் கூடாதா, டாக்டரம்மா?" என்றார் பெலோட்டி.

"மாறலாம். ஒரே வாரத்துலயா?"

"நமக்கு மண்டபம் வேணும், ரேடியோவுல நேரம் வேணும். உங்க கைவசம் இருக்கா?"

இல்லை. என் கைவசம் இருப்பது பதுவாவில் வாங்கிய கிரேக்க மொழிப் பட்டம் ஒன்றுதான். அதற்காகத்தான் இந்தத் தெருவே என்னை டாக்டரம்மா என்கிறது. வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களும் உண்டு.

13 மார்ச், வெள்ளி

ஓரெஸ்தேயைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

கீழ்வீட்டு நூன்சியா வேலைக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். "ரெண்டு பேரு. தொப்பியக்கூட கழட்டல. ரேடியோவ ஒருத்தன் தூக்கிக்கிட்டான், இவர ஒருத்தன் தூக்கிக்கிட்டான். இவரு போகும்போது என்னப் பாத்து, அடுப்ப அணைச்சிரு, காப்பி இருக்குன்னாரு. அவ்வளவுதான்."

சிற்றலை ரேடியோ. எங்களைப் போன்ற எதிரி நாட்டுப் பிரஜைகள் வைத்திருக்கக் கூடாது. ஜனவரியிலேயே ஒப்படைக்கச் சொன்னார்கள். நானும் சொன்னேன். "ரோம் இன்னைக்கு என்ன பொய் சொல்லுதுன்னு தெரியாம எப்படிப் பத்திரிகை போடறது?" என்றான். எங்கள் வாரப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிறவன், மாலையில் ரோம் வானொலி கேட்டு எனக்குக் குறிப்பும் எடுத்துக் கொடுப்பான்.

முசோலினி ஐந்து வருடம் தீவுச் சிறையில் வைத்த மனிதனை முசோலினியின் ஆள் என்று இங்கே ஒரு தீவில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சிரிக்கலாம். யாராவது முதலில் சிரிக்கட்டும்.

22 மார்ச், ஞாயிறு

எல்லிஸ் தீவு. படகில் குளிர். பார்வையாளர் கூடத்தில் நீள மேசை, நடுவில் கம்பிவலை, பக்கத்தில் காவலன்.

வியாழக்கிழமையே விசாரணை நடந்துவிட்டதாம். மூன்று பேர், பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்டவர்கள். வக்கீல் கிடையாது. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் அவர்களே ஒரு மொழிபெயர்ப்பாளனை வைத்திருந்தார்கள். கேட்டது ஒரே கேள்விதான் என்று சொல்லலாம்: இந்த ஊரில் உன்னை அறிந்தவர்கள் யார்? உன் அறைக்கு யாரெல்லாம் வருவார்கள்? பெயர்களைச் சொல்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஓரெஸ்தே! அவங்க சாட்சி கேக்கறாங்க. உனக்கு நல்லது சொல்ல ஆள் கேக்கறாங்க."

"பேரத்தான கேக்கறாங்க?" என்றான். முகத்தில் பிடிவாதம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "இருபத்தேழுல பொலோஞாவுல ஒரு வாரம் அடிச்சாங்க. ஒரு பேரு வரல என் வாயிலேர்ந்து. இங்க சிகரெட் கொடுத்து, நாற்காலி போட்டு, மரியாதையா கேக்கறான். அது இன்னும் பயமா இருக்கு, எர்சீலியா. நாக்கு மேலயே எழும்பல."

இருபது வருடமாக நாங்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான்: போலீஸிடம் பெயர் சொல்லாதே. நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் கடைசியில் மறுவிசாரணை. அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் வந்து பொறுப்பேற்றால் விடலாம், இல்லாவிட்டால் போர் முடியும்வரை மொன்டானாவில் முகாம். என்னைப் போன்ற எதிரி நாட்டுக்காரியின் சாட்சிக்கு எடை இல்லை.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிரெஞ்சுக்காரன் முகாமிலிருந்து கொண்டுவந்த இருமல் இன்னும் போகவில்லை. மொன்டானாவில் பனி எத்தனை மாதம்? கேட்டுக்கொள்ள விருப்பமில்லை.

27 மார்ச், வெள்ளி

குழுக் கூட்டம். ஓரெஸ்தே விஷயம் மூன்றாவதாக இருந்தது. முதல் விஷயம், எங்கள் கடிதத்தாளின் தலைப்பில் "குடியரசு" என்ற சொல் வர வேண்டுமா. மன்னராட்சிக்காரர்கள் மனம் நோகும் என்று ஒருவர். நோகட்டும் என்று ஒருவர். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று இன்னொருவர். ஒருவர் வெளிநடப்புச் செய்தார். குடையை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார். வந்தவர் மறுபடி பேச ஆரம்பித்தார்.

நாடு இல்லாதவர்கள் அந்த நாட்டுக்குத் தலைப்பு அச்சடிக்கிறோம்.

கடைசியில் எழுந்து கேட்டேன்: இங்கே குடியுரிமை உள்ளவர் யார், ஓரெஸ்தேக்காக வருவார் யார்? எல்லோரும் தையல் தொழிலாளர் சங்கத்துக் கர்மேலோ ஷிபிலியாவைப் பார்த்தார்கள். அவர் தன் நகங்களைப் பார்த்தார்.

"இருபத்தொண்ணுல லிவோர்னோ மாநாட்டுல நம்ம சோஷலிஸ்ட் கட்சி ஒடஞ்சப்ப அவன் எந்தப் பக்கம் எந்திரிச்சுப் போனான்னு எனக்குத் தெரியும், டாக்டரம்மா."

"அப்ப அவனுக்கு முப்பது வயசு."

"எனக்கும்தான் முப்பது. நான் போகலியே?"

"அவன் கம்யூனிஸ்ட் கட்சிய விட்டே பத்து வருஷமாச்சு."

"விட்டவன் என்கிட்ட வந்து சொல்லலியே!"

சிலர் சிரித்தார்கள். ஷிபிலியாவுக்குத் திருப்தி. கெட்டவர் இல்லை, போன வருடம் வேலைநிறுத்தத்தில் மண்டை உடைபட்டவர். ஆனால் இருபத்தொரு வருடக் கோபத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்.

28 மார்ச்

அருவருப்பு என்ற சொல்லை அளந்து பயன்படுத்துகிறவள் நான். இந்த வாரத்துக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

5 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

நூன்சியா கோதுமையும் பாலாடையும் போட்ட பண்டம் கொண்டுவந்தாள். சர்க்கரைக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது, அதனால் இந்த வருடம் தாராளமாகவே போட்டுவிட்டாளாம். ஓரெஸ்தேயின் பங்கைத் தனியாக ஒரு தட்டில் மூடி வைத்தாள்.

அவள் விரலில் எஃகு மோதிரம். ஓரத்தில் துரு. இன்று ஏனோ கேட்டுவிட்டேன், இதை ஏன் இன்னும் போட்டிருக்கிறாய் என்று.

"வெறும் விரலோட போனா விதவைன்னுல்ல நெனப்பாங்க? அவரு உசிரோட இருக்காரே." பிறகு, "அன்னிக்கு வரிசையில எல்லாரும் கொடுத்தாங்க. எனக்குக் கழலல. அந்த ஃபெரான்தெ ஐயாவே சோப்புத் தண்ணி கொண்டாரச் சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. கழண்டதுக்கு."

சாப்பிட்டேன். மிகவும் இனிப்பு.

9 ஏப்ரல், வியாழன்

பெலோட்டி என்னை ஃபெரான்தெயின் கிடங்குக்கு அழைத்துப்போனார். எண்ணெய் நாற்றம், உயர்ந்த கூரை, சுவரில் அமெரிக்கக் கொடி. கொடிக்குப் பின்னால் ஒரு பெரிய படம் தொங்கியிருந்த இடம் சுவரில் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது. கொடி அதை முழுவதும் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிய கொடியாக வாங்கியிருக்கலாம்.

அவன் — இந்தத் தாளிலாவது 'அவன்' என்றே எழுதுவேன் — எழுந்து நின்று என் கையை முத்தமிட்டான்.

"டாக்டரம்மா! உங்க கட்டுரையெல்லாம் படிக்கிறேன். என்னத் திட்டி எழுதினதையும் படிச்சேன். என்ன நடை! திட்டு வாங்கினாலும் அப்படிப்பட்ட கையால வாங்கணும்."

"ஓரெஸ்தே வக்காரி விஷயமா வந்தோம்."

"தெரியும், தெரியும். பாவம் அந்த மனுஷன். விசாரணைக் குழுவுல நடுவுல உக்கார்றவரு எனக்கு வேண்டியவரு. நான் வந்து ரெண்டு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அவருக்கு இங்கிலீஷ் வராதாமே? நீங்களே வந்து மொழிபெயர்த்துடுங்க, அதுக்கும் சொல்லிடறேன்."

காத்திருந்தேன். இப்படிப்பட்டவர்களிடம் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பெலோட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொன்னார். இருபத்தாறாம் தேதி பொதுக்கூட்டம். கொம்மெந்தாத்தோரே பேசுகிறார். யார் அறிமுகம் செய்வது என்பதுதான்... குழுவில் ஒருநாளும் யாருக்கும் தலைவணங்காத ஒருவர் செய்தால்...

"நான் கேக்கல," என்றான் ஃபெரான்தெ, இரண்டு கையையும் விரித்து. "டாக்டரம்மாவுக்கு மனசு இருந்தா மட்டும்."

வேலையிலிருந்து நீக்கினார்கள், ஊரை விட்டேன், பாரிஸை விட்டேன், மார்சேயில் கப்பலுக்காக ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தேன் — எதிலும் கையெழுத்துப் போடவில்லை, எதற்கும் கை தூக்கவில்லை. அதற்கு ஒரு சந்தைவிலை இருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது.

12 ஏப்ரல், ஞாயிறு

தீவு. ஓரெஸ்தே இளைத்துவிட்டான். ஃபெரான்தெ பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வான் என்று தெரியும். குடியுரிமை உள்ள ஒரு வியாபாரி வருவார் என்று மட்டும் சொன்னேன். ஃபெரான்தெயை அவன் பார்த்ததில்லை. இவன் அமெரிக்கா வந்தே ஒரு வருடம்தான் ஆகிறது.

பெயர் சொல்லப் பழக்கினேன். வேடிக்கைதான், கிரேக்க வினைச்சொற்கள் பழக்கியவள்.

"நான்தான் விசாரணைக்காரன். உன் சிநேகிதர்கள் யார்?"

கம்பிவலையையே பார்த்தான்.

"என் பேரச் சொல்லு. எர்சீலியா காந்தீனி. ஊருக்கே தெரிஞ்ச பேரு. பத்திரிகையில வாராவாரம் நீயே அச்சுக் கோக்கற பேரு."

வாயைத் திறந்தான். நெற்றி வேர்த்தது. காவலன் நிமிர்ந்து பார்த்தான். "முடியல," என்றான். பிறகு சிரிக்கப் பார்த்து இருமினான். ரொம்ப நேரம் இருமினான்.

திரும்பும் படகிலேயே முடிவு செய்துவிட்டேன்.

18 ஏப்ரல்

அறிமுக உரை எழுதுகிறேன். கை நன்றாகத்தான் ஓடுகிறது. அதுதான் கேவலம்.

26 ஏப்ரல், ஞாயிறு

முடிந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் கூட்டங்களுக்கு இத்தனை பேர் வந்ததே இல்லை. பாதிப் பேர் ஃபெரான்தெயின் லாரிகளில் வந்தவர்கள். இரண்டு கொடி, ஒரு பேண்டு வாத்தியம், மேடையில் ஷிபிலியாவும் உண்டு. ஓரெஸ்தேக்காகப் படகேற மறுத்த ஷிபிலியா, ஃபெரான்தெக்குப் பக்கத்து நாற்காலியில்! 1921இல் ஃபெரான்தெ எந்த மாநாட்டிலும் எந்தப் பக்கமும் எழுந்து போகவில்லை அல்லவா, எனவே அவன்மேல் கணக்கு ஒன்றும் இல்லை.

நான் சொன்னேன்: "சுதந்திரத்தின் பழைய நண்பர்." சொன்னேன். வாய் கோணாமல், குரல் உடையாமல், உச்சரிப்புச் சுத்தமாக.

அவன் அழுதான். மேடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அழுதான். 1935இல் எத்தனை உருக்கமாகப் பேசியிருப்பான் என்பதை இன்றுதான் புரிந்துகொண்டேன். அதே உருக்கம்தான். பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வெளியே நூன்சியா நின்றிருந்தாள். நல்ல உடுப்பு, நல்ல தொப்பி.

"அவரு நல்லவரா, டாக்டரம்மா? அப்ப நான்தான் தப்பா நெனச்சிட்டிருந்தேனா?"

உரைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள், என் கையைத் தட்டிக் கொடுத்து.

எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். இது போல ஒருவரும் செய்ததில்லை.

நாளைக் காலை விசாரணை. எல்லாம் ஒழுங்காயிற்று. அறையில் ஃபெரான்தெ பேசுவான். நான் மொழிபெயர்ப்பேன். ஓரெஸ்தே வாயே திறக்க வேண்டாம். அவனுக்கு எது நன்றாக வருமோ அதையே செய்தால் போதும். பிறகு அவன் வெளியே வருவான். வந்தபின் ஒருநாள் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், அவன் ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருப்பான், அப்புறம் பேசுவான். இப்படித்தான் நடக்கும்.

27 ஏப்ரல், திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சின்ன அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஃபெரான்தெக்கு மட்டும் எழுந்து கை கொடுத்தார். ஃபெரான்தெ சுருக்கமாக, அழகாகப் பேசினான்: வக்காரி நேர்மையான தொழிலாளி, முசோலினியின் எதிரி, தான் பொறுப்பு. இந்த முறை எல்லாம் உண்மை. அவன் வாயில் உண்மை எப்படி இருக்கும் என்று இன்று கேட்டேன், வித்தியாசமே தெரியவில்லை.

பிறகு ஓரெஸ்தேயைக் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தான். நடுவர் கேட்டார்: "இந்தக் கனவானை உனக்குத் தெரியுமா?"

வழக்கமான கேள்வி. தலையை ஆட்டினால் போதும்.

ஓரெஸ்தே திரும்பி ஃபெரான்தெயைப் பார்த்தான். ஓரெஸ்தேயின் கழுத்து சிவந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது — என் கட்டுரையோடு போன வருடம் ஃபெரான்தெயின் படம் போட்டோம். கறுப்புச் சட்டைப் படம். கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தது நான். படத்தின் அச்சுக்கட்டையைத் துடைத்து, மையிட்டு, பக்கத்தில் பொருத்தியது இவன். எழுத்தைத் தவிர வேறெதையும் நான் பார்ப்பதில்லை.

"தெரியும்," என்றான் ஓரெஸ்தே. தெளிவான குரல். ஆறு வாரமாக வராத குரல். "ஃபெரான்தெ. ரொமுவால்தோ ஃபெரான்தெ. முப்பத்தஞ்சுல பொம்பளைங்க விரல்லேர்ந்து மோதிரத்த உருவி முசோலினிக்கு அனுப்பின ஃபாசிஸ்ட். இவன் சொல்லித்தான் நான் வெளிய வரணும்னா எனக்கு வேணாம். ரயில் ஏத்துங்க."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். "என்ன சொல்கிறார்?"

ஃபெரான்தெ திரும்பவில்லை. தன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். நான் என்ன சொன்னாலும் அவன் மறுக்கப்போவதில்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

கிரேக்க வரி ஒன்றில் ஒரு காற்புள்ளிக்காக ஒரு மாதம் நூலகத்தில் உட்கார்ந்தவள் நான்.

"இவரை நன்றாகத் தெரியும் என்கிறார்," என்றேன் ஆங்கிலத்தில். "முசோலினிக்கும் ஃபாசிஸ்டுகளுக்கும் தான் எதிரி என்பது இவருக்கும் தெரியும், இவர் பொறுப்பேற்க வந்தது தனக்குப் பெருமை, நன்றி சொல்கிறேன் என்கிறார்."

"சென்ற முறை ஏன் பேசவில்லை?"

அதைக் கேட்டேன். ஓரெஸ்தே சொன்னான்: "தோழர் பேரப் போலீஸ்கிட்ட சொல்றதில்ல. இவன் தோழன் இல்ல. அதனால சொன்னேன்."

"அப்போது பயந்துபோயிருந்தார்," என்றேன்.

இதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். முதல் பொய்யைவிட இதை. பொலோஞாவில் ஒரு வாரம் அடி வாங்கியவனைப் பார்த்து.

"எல்லாத்தையும் சொன்னியா?" என்று என்னைக் கேட்டான். "மோதிரத்தையும்?"

"சொன்னேன்."

மூவரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். நடுவர் ஓரெஸ்தேயைப் பார்த்துப் புன்னகை செய்தார். விடுதலை, வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஃபெரான்தெ பொறுப்பு. அந்தக் கடைசிப் பகுதியையும் நான் இத்தாலிய மொழியில் சொல்லவில்லை.

ஓரெஸ்தே எழுந்து நின்றான். ஏதோ ரொம்ப நாளாகத் தேடியது பையிலேயே இருந்ததைக் கண்டவன்போல முகம்.

படகில் அவன் ஃபெரான்தெயோடு ஒரே பக்கம் நிற்க மாட்டேன் என்று முன்னால் போய்விட்டான். ஃபெரான்தெ என்னிடம் வந்தான். கோபம் இல்லை. கொஞ்சமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என்ன அருமையா மொழிபெயர்த்தீங்க, டாக்டரம்மா. மனுஷன் நல்ல மனுஷன்தான், கொஞ்சம் சூடு. ரேடியோவுல எனக்கு வாரம் ஒருமணி நேரம் இருக்கு, எழுதிக் கொடுக்க ஆள் தேடிக்கிட்டிருந்தேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா வேலை செய்யலாம்."

'நாம.' தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் நூன்சியா சூப் வைத்திருந்தாள். ஓரெஸ்தே சாப்பிடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தான். "மூஞ்சிக்கு நேரா சொன்னேன், நூன்சியா! ஃபாசிஸ்டுன்னு சொன்னேன்! உன் மோதிரத்தயும் சொன்னேன். மூணு பேரும் கேட்டாங்க. தலையாட்டினாங்க. அவன் சாட்சி வேணாம்னு தள்ளிட்டு, என் வார்த்தைய நம்பி என்ன விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல நடக்குமா இது? இருபது வருஷம் வாய மூடி வாழ்ந்துட்டோம், எதுக்கு? எர்சீலியா ஒரு வார்த்தை விடாம சொன்னா. கேளு அவள."

நூன்சியா என்னைப் பார்த்தாள். நேற்று மண்டபத்தில் நான் சொன்னதைக் காதால் கேட்டவள். கரண்டி கையிலேயே இருந்தது.

"அப்படியா, டாக்டரம்மா?"

"ஆமாம்," என்றேன்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓரெஸ்தே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். இந்த வாரம் முதல் பக்கத்தில் இதுதான் வர வேண்டுமாம். நடந்தது நடந்தபடி. அவனுக்கு எழுத வராது. அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள் நான்தானே. வியாழக்கிழமைக்குள் கொடுத்தால் வெள்ளிக்கிழமை அவனே கோத்துவிடுவானாம்.

சரி என்றேன்.